தார்ப்பாய்ச்சி மாப்பிள்ளை

முத்தையாபுரம் பிச்சையா தைத்த தார்ப்பாய்க்குள் இருக்கும் உப்பை மழைகூட அனுமதி கேட்டுத்தான் எட்டிப் பார்க்கும். ஒருமுறை புயல் ஒன்று அவர் தையலோடு மல்லுக்கட்டித் தோற்று, வெட்கப்பட்டு இலங்கைப் பக்கம் திரும்பிவிட்டது. நம்பாதவர்கள் துறைமுகச் சாலையில் எந்த லாரிக்காரரையும் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு பெயர் எடுத்தும் மனுசனுக்கு ஒரு குறை. அவர் தைத்ததை இதுவரை எந்த மனுசப்பிறவியும் உடுத்தியதில்லை. மனைவி ஜீவமணியின் ஜாக்கெட் துணியே பஜார் டெய்லரிடம்தான் போகும்.

“லாரிக்கெல்லாம் உடுப்பு ஆச்சு. அடுத்து கப்பலுக்கு அளவெடுக்கப் போறீயளோ?” என்பாள்.

அதனால், அக்கா மகன் விஜயராஜ் போன் செய்து, “மாமா, என் நிச்சயதார்த்தத்துக்கு நீங்கதான் தைக்கணும்” என்றதும் பிச்சையாவுக்குக் காது நிறைந்துபோனது. “எங்க பூட்டன் கட்டுன தார்ப்பாய்ச்சி மாதிரி, ஆனா மாடர்னா, பேண்டா போட்டுக்கிடணும்” என்று அவன் விவரம் சொன்ன நேரத்தில் வாசலில் ஓர் உப்பு லாரி ஹாரன் அடித்தது. பூட்டனையும் ‘ச்சி’யையும் அது விழுங்கிவிட்டது. மிச்சம் வந்து சேர்ந்தது தார்ப்பாயும் பேண்டும்தான்.

கிழிந்த பேண்டையே காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைகள். இதுவாவது கிழியாது என்று பிச்சையா தேற்றிக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் விஜயராஜ் கடைக்கு வந்தான். நீல நிறத்தில், இடுப்பைச் சுற்றிப் பித்தளை வளையங்களோடு, யார் துணையுமில்லாமல் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

“மாமா, இது யாரு?”

“உன் பேண்டுலே. நீ கேட்ட தார்ப்பாய்.”

“ஐயோ, தார்ப்பாய் இல்ல மாமா, தார்ப்பாய்ச்சி! வேட்டியக் காலுக்கு நடுவுல இழுத்துப் பின்னால செருகுவாவள்லா, அந்தக் கட்டு!”

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஜீவமணி சிரித்த சிரிப்பில் பேண்டே சாய்ந்துவிட்டது. பிச்சையா சிரிக்கவில்லை. இன்றைக்கும் தவறினால் சாகும்வரை லாரி டெய்லர்தான்.

“ஏளா, ஒரு வேட்டியக் கொண்டா!” என்று மனைவியை அதட்டினார்.

பூட்டனின் போட்டோ விஜயராஜின் போனில் இருந்தது. ஆனால் முன்பக்கம் மட்டும். பின்னால் எப்படிச் செருகினார் என்று அக்காவிடம் போனில் கேட்டால், “அவியளுக்குப் பின்னால போயி யாருலே பாத்தா?” என்றுவிட்டாள்.

பாரம் ஏற்றிய லாரியைச் சுற்றுவதுபோல் பிச்சையா மருமகனைச் சுற்றி வந்தார்.

“அசையாத. நீதான் லோடு.”

முன்னால் விரித்து, அடியில் இழுத்து, பின்னால் மடித்து, மெழுகு நூலால் அவன் உடம்பின் மேலேயே இரட்டைத் தையல் போட்டார். பக்கத்துக்கு ஒரு பையும் வைத்தார்.

மண்டபத்தில் பெண் வீட்டு இளவட்டங்கள் மாப்பிள்ளையை மொய்த்துக்கொண்டன. எந்தக் கடை, எந்தக் கடை என்று ஒரே நச்சரிப்பு. “எங்க மாமா தச்சது” என்றான் விஜயராஜ். அந்த ஒரு சொல்லில் பிச்சையா வளர்ந்த வளர்த்தியில் கூரையில் சுற்றிய காற்றாடி தலையில் இடித்தது.

சாப்பாடு முடிந்தது. மோரை நிறையக் குடித்திருந்த மாப்பிள்ளை அவர் காதோரம் வந்தான்.

“மாமா, இத எப்படிக் கழத்த?”

எந்த லாரி அவரிடம் ஜிப் கேட்டிருக்கிறது? பிச்சையா நூலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

ஜீவமணி எங்கிருந்தோ கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். “வெட்டுங்க. பிள்ள நெளியுதான்.”

வாங்கிய கத்தரிக்கோலால் வெட்டவும் மனமில்லாமல், அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார் பிச்சையா. பிறகு மருமகனின் தோளைத் தட்டினார்.

“மாப்ள, அடக்கிக்கிட்டு ஒரே ஒரு சுத்து நடந்துட்டு வந்துரு. வாசப்பக்கம் நிக்கவங்க இன்னும் பாக்கல.”