சாவு வீட்டுக்கு மேலே ஒன்பது விமானம்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் பக்கம் போய் அன்னாளைத் தெரியுமா என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மவள பெட்டியில வச்சுட்டு ஏரோப்ளேன் பாத்து கை தட்டுனாளே, அவளா?"

பொம்மைக் கம்பெனியில் அவள் கை பட்ட பொம்மைக்கு மறு சோதனை கிடையாது என்பதோ, தெருவில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் போட்டது போட்டபடி முதல் ஆளாக ஓடுகிறவள் அவள் என்பதோ யார் வாயிலும் வராது. ஒரு மனுஷியை ஞாபகம் வைத்துக்கொள்ள ஊருக்கு ஒரு நிமிஷம் போதும். எந்த நிமிஷம் என்பதையும் ஊரே முடிவு செய்துகொள்ளும். அவளைக் கேட்பதில்லை.

அன்னாள் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காஸ்பருக்கு வாழ்க்கைப்பட்டு விருத்தாசலம் வந்தாள். காஸ்பர் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர். அவளுக்கும் அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைக்கு ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளை மண்ணோடு வீடு திரும்புவார்கள். குழந்தை இல்லாமல் பல வருஷம். நேராத நேர்த்தி இல்லை. கடைசியில் ஆன் மேரி பிறந்தாள். பிறந்தாள் என்றால், வீட்டை எழுதி வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். அப்படி ஒரு அதிகாரம், அப்படி ஒரு வாய்.

அந்த வீட்டில் மேரி போட்ட சட்டம் ஒன்று இருந்தது. தெருவில் எது போனாலும் அவளைக் கூப்பிட வேண்டும். கோயில் யானையோ, கரும்பு லாரி கவிழ்ந்ததோ, எதுவாக இருந்தாலும் சரி. தானே பார்த்துவிட்டு வந்து கதை சொல்லக்கூடாது. ஒரு தேர்தல் சமயம் தாழப் பறந்து போன ஹெலிகாப்டரை அன்னாள் தனியாகப் பார்த்துவிட்டாள். மேரி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் சோறு தின்னவில்லை. "நான் ஈரத்தோட வந்து பாத்திருப்பேன்ல? என்ன ஏன் கூப்புடல?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அதற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டால் அன்னாளின் கால் வாசலுக்கும் வாய் மகளின் பேருக்கும் ஒன்றாகப் போகும். யோசிக்கவே மாட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாதம். மாசி மகத்துக்கு ஊர் கூடிக்கொண்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த மேரி தலை வலிக்கிறது என்று படுத்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. புதன்கிழமை விடிவதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டியை வீட்டு நடையில் வைத்தார்கள். போன வருஷம் கோயிலில் முதல் தடவை நன்மை வாங்கிய புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டார்கள். ஒரு வருஷத்தில் பெண் வளர்ந்திருந்தாள். கவுனின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. காஸ்பரின் அக்கா பிலோமினா அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அன்னாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழ வைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் காஸ்பர். சாமியார் பிற்பகல் வந்துவிடுவார் என்று சொல்லி, வெளியே ஷாமியானாவுக்குக் கீழே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தரையில்தான் அதிர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்களோ என்று நினைத்தார்கள். அதற்குள் கூரை ஓடுகளை உருவிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் வீட்டைத் தாண்டியது. ஷாமியானா நெளிந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதி மணியில் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள்.

ஒன்பது விமானங்கள். சிவப்பும் வெள்ளையுமாக, அம்பு முனை போல ஒரே கூட்டமாக. ஒன்றுக்கொன்று கை நீட்டித் தொட்டுவிடலாம் போல அவ்வளவு நெருக்கம். பின்னாலேயே வெள்ளைப் புகை. கம்மாபுரம் திசையில் போய்ச் சாய்ந்து திரும்பி மறுபடியும் இவர்கள் தலைக்கே வந்தன. வந்த வேகத்தில் பிரிந்து விரிந்தன. அதில் ஒன்று மல்லாந்து பறந்தது. தெருவே "ஏய்" என்று கத்தியது. எங்கிருந்து வந்தன, எங்கே போயின, ஏன் விருத்தாசலத்துக்கு மேலே இந்த விளையாட்டு, யாருக்கும் தெரியாது.

"மாசி மகத்துக்கு கவர்மெண்டு வுட்ருக்குதுப்பா!" என்றார் ஷாமியானா போட வந்த நல்லமுத்து. அவருக்குத் தெரியாத சமாச்சாரம் உலகத்தில் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிலோமினா முக்காட்டை விலக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். எல்லாரும்தான் பார்த்தார்கள். எல்லாரும்தான் வாயைப் பிளந்தார்கள்.

அன்னாள் எப்போது எழுந்தாள், எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. தெரு நடுவில் நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையையும் தட்டினாள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி, தெரு முனை வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மேரி! ஏ மேரி! ஓடியா, ஓடியா! போயிடப் போவுது!"

தெரு அடங்கிப்போனது. அன்னாள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. பிலோமினா வந்து அவள் தோளைப் பிடித்து, "அடிப் பாவி" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விமானங்கள் இன்னொரு தடவை மேலே வந்தன. யாரும் நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. பெற்ற வயிறு எரியாமல் கை தட்டத் தோன்றுமா என்றார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றவர்கள் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள். விமானத்தை எண்ணிய பிலோமினாதான் ஒவ்வொரு வீட்டிலும் அதை முதலில் சொன்னவள். ஒன்பது என்ற கணக்கு ஊருக்குத் தெரிந்ததே அவள் சொல்லித்தான். அந்தக் கணக்கு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்னாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மகள் செத்துக் கிடக்கும்போது சந்தோஷப்பட்டேன் என்று சொன்னாள். சாமியார் நல்ல மனுஷர். "இது பாவமே இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார். பாவம் என்று சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும். அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

ஊரை அவள் தாங்கிக்கொண்டாள். காஸ்பரைத்தான் தாங்க முடியவில்லை. அவர் அடக்கத்துக்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டார். திட்டினாரா, இல்லை. கை ஓங்கினாரா, அதுவும் இல்லை. சோறு வைத்தால் தின்றார். சம்பளத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்தார். அவள் பேரை மட்டும் சொல்வதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. சூளையில் ஒரு பொம்மை இன்னொன்றின் மேல் பட்டுவிட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும் என்று இடம் விட்டு அடுக்குவார்களே, அப்படித்தான் அந்த வீட்டுக்குள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவருடைய இந்த மௌனம்தான் ஊர் சொன்னதற்குச் சாட்சி என்று அன்னாள் எடுத்துக்கொண்டாள். கட்டினவனே மன்னிக்கவில்லை, வேறு யார் மன்னித்து என்ன?

வருஷப் பூசை வந்தது. கோயிலில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கல்லறையில் அவர் மெழுகுவத்தி ஏற்றினார், அவள் பூ வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அன்னாள் நாலு புடவையை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். காஸ்பர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் சேத்தியாத்தோப்புக்குப் போறேங்க. அண்ணன் வூட்டுல இருந்துக்குறேன்."

அவள் வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்தாள். ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"ஆமாங்க, சிரிச்சேன். கையத் தட்டுனேன். இல்லன்னு சொல்லல. எனக்கு அந்த நிமிசம் அவ செத்தது மறந்துபோச்சு. பெத்தவளுக்கு மறக்குமான்னு கேட்டா, மறந்துச்சே, நான் என்னா செய்வேன்? அதுக்கு நாலு அடி அடிச்சிருக்கலாம் நீங்க. வெட்டிப் போட்டிருந்தா ஒரேயடியா செத்துருப்பேன். இப்புடிப் பேசாமயே கொல்றீங்களே."

காஸ்பர் நிமிர்ந்தார். அவள் சொன்னது புரியாதவர் போல முழித்தார்.

"நீ சிரிச்சியா?" என்றார். குரல் பழக்கம் விட்டுப்போய்க் கரகரத்தது. "எனக்கு எப்புடித் தெரியும்? நான் எங்க வெளிய வந்தேன்? ஊரு பேசுனது எதுவும் என் காதுல ஏறல."

அன்னாள் பையைக் கீழே வைத்தாள். அப்படியே நின்றாள்.

"எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. நானும் புள்ளயும்தான் இருந்தோம்" என்றார் காஸ்பர். "நீ கூப்புட்டதுதான் எனக்குக் கேட்டுச்சு. அவ உசுரோட இருக்கறப்ப எப்புடிக் கூப்புடுவியோ, அதே கொரலு. ஒரு வித்தியாசம் இல்ல. எனக்கு ஒடம்பே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐயோ, அவ அம்மா கூப்புடுறா, எழுந்துருவா போலிருக்கேன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணத் தெறக்கலன்னதும் ஒண்ணும் பயந்துக்கல. ஒரு தடவ கூப்புட்டு அவ என்னிக்கு எழுந்து வந்திருக்கா? ஸ்கூலுக்கு எழுப்புனாலும் சரி, சோறு திங்கக் கூப்புட்டாலும் சரி, ரெண்டாவது தடவ கூப்புட்டாத்தான தோ வரேன்னுவா?"

அவர் எதிரே பெட்டி வைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"அதான் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னொரு தடவ கூப்புடு, இன்னொரு தடவ கூப்புடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். "நீ கூப்புடவே இல்லியே, அன்னா."