மெதுவாக ஏறும் கரண்ட்

நைனார்பாளையத்தில் டிரைவர் பச்சமுத்துவின் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆனால் பச்சமுத்துவை அந்த வீட்டில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் மனைவி குஞ்சம்மாளும் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவர் கரும்பு லாரியில் இருந்தார். ஆலை ஓடும் மாதங்களில் லாரியிலேயே சாப்பாடு, லாரியிலேயே தூக்கம். பிறகு அரிசி மில் முதலாளியின் கார். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் நடத்தும் டிராவல்ஸில் வேன். வண்டி மாறியது, முதலாளி மாறினார். அவருடைய படுக்கை மட்டும் மாறவில்லை. எப்போதும் சாய்த்துப் போட்ட சீட்டுதான்.

குஞ்சம்மாள் பகலெல்லாம் அடுத்தவர் வயலில் நடவு நடுவாள், களை எடுப்பாள், கதிர் அறுப்பாள். இரவில் தாழ்ப்பாளுக்குக் காதைக் கொடுத்துவிட்டுப் படுப்பாள். மகள் பூமாலை பிறந்தபோது அவர் விஜயவாடாவில் இருந்தார். அதே மகளுக்குத் திருப்பூரில் கல்யாணம் நடந்தபோது, மேளம் கொட்டத் தொடங்கிய பிறகுதான் டீசல் வாடையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார். அதற்கெல்லாம் அவள் சண்டை போட்டதில்லை. சண்டை போடவும் ஆள் எதிரில் இருக்க வேண்டுமே.

போன வருடம் அவர் சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கினார். யாரோ ஓட்டிக் கழித்த வண்டிதான். ஆனாலும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“இனிமே நான்தான் முதலாளி, குஞ்சு. நெனைச்சா ஓட்டுவேன், நெனைச்சா வூட்ல படுத்துக்குவேன்.”

அவள் நம்பினாள். சின்னசேலம் சந்தையில் பூப்போட்ட தலையணை உறை ஒன்று வாங்கி, அவர் தலையணைக்குப் போட்டு வைத்தாள்.

வண்டியோடு வந்த சார்ஜர் ஒயரை வீட்டு பிளக்கில் மாட்டினார்கள். ஃபேனுக்கும் மிக்சிக்கும் என்று இழுத்த ஒயரிங் அது, காரின் பசிக்குத் தாங்குமா? கொஞ்ச நாளில் பிளக் உருகி, சுவரெல்லாம் கரி படிந்தது. அன்றிலிருந்து அவர் பைபாஸ் ஓரத்து சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார். முன்னால் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் காத்துக் கிடந்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அப்படியே அரங்கநாதன் கொடுக்கும் அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிடுவார். சொந்த வண்டி வந்தும் தலையணை உறை கசங்கவே இல்லை.

தை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை அவர் பம்பர் உடைந்த வண்டியோடு வந்து சேர்ந்தார்.

“களமருதூர் கிட்ட நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போனார்.

வண்டியைக் கழுவியது குஞ்சம்மாள். பம்பரின் விரிசலில் இரண்டு நெற்கதிர்கள் சிக்கியிருந்தன. ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். வெள்ளையாகப் பால் வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பால் பிடித்த கதிர் தார் ரோட்டில் கிடைக்காது. ரோட்டை விட்டு இறங்கி, வரப்பையும் தாண்டி, பயிருக்குள் போனால்தான் கிடைக்கும். நேராகப் போக வேண்டிய வண்டி பயிருக்குள் ஏன் போகிறது? ஓட்டுகிறவர் கண் மூடினால் போகிறது.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கதிர்களைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அன்று வயலில் களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினாள்.

மாசி பிறந்ததும் வீட்டிலேயே சார்ஜர் போட்டுவிடலாம் என்று பச்சமுத்து எலெக்ட்ரீஷியன் கண்ணாயிரத்தை வரச் சொன்னார். குஞ்சம்மாள் அன்று வேலைக்குப் போகவில்லை. கண்ணாயிரம் கையில் சார்ஜர் ஒன்று, சின்னப் பெட்டியாக இருந்தது. பெரியதைப் போனில் படமாகக் காட்டினான்.

“அண்ணே, இது சின்னது. சாயங்காலம் மாட்டுனா விடியக்காலம் ரொம்பும். தனியா ஒயரு, பிரேக்கரு, ஒரு எர்த் குழி, போதும். பெருசுன்னா பாதி நேரத்துல ரொம்பிடும். ஆனா மூணு பேஸ் சர்வீஸ் வாங்கணும். ஈபி ஆபீசுக்கு நீங்க நடக்கணும்.”

“நடந்துக்கலாம். நம்ம வண்டி அவ்ளோ வேகத்தை ஏத்துக்குமா?”

“ஏத்துக்கும். பாத்துட்டுதான் சொல்றேன்.”

அந்த நேரம் பார்த்து அரங்கநாதன் போன் செய்தார். பச்சமுத்து விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

“பெருசையே போட்டுடு, பச்சமுத்து. பகல்ல கரியாலூர் ஃபால்ஸுக்கு ஆள ஏத்திக்கினு போய் வா. சாயங்காலம் வந்து சாப்டுட்டு செத்த நேரம் படு, வண்டி ரொம்பிடும். ராத்திரி மெட்ராஸ் ஏர்போர்ட் சவாரி மொத்தமும் உனக்குதான்.”

“மலை ஏறுனா சார்ஜு மளமளன்னு எறங்குதுங்க” என்றார் பச்சமுத்து. “ஆனா எறங்கி வரும்போது கொஞ்சம் திரும்பக் குடுக்குது. முதலாளிங்கள விட மலை தேவலாம்.”

அரங்கநாதனும் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். பச்சமுத்துவின் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. சிவந்து, உள்ளே போய்க் கிடந்தன. குஞ்சம்மாள் இருவருக்கும் டீயை நீட்டினாள்.

“தம்பி, வண்டி ரொம்பற கணக்கெல்லாம் சொன்னியே. ஓட்டற ஆளு ரொம்பறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

“அத ஈபிலதான் கேக்கணும் அக்கா” என்று சிரித்த கண்ணாயிரம், அவள் முகத்தைப் பார்த்ததும் டீயை ஊத ஆரம்பித்தான்.

அவள் உள்ளே போய்ச் சாமி படத்தின் பின்னாலிருந்து கதிர்களை எடுத்து வந்தாள். காய்ந்து சருகாகியிருந்தன. சின்னப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“அந்த நாய் இன்னா மாமா, நெல்லு மேஞ்சிக்கினு இருந்துச்சா?”

பச்சமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாயிரம் ஒயரைப் பார்ப்பதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சமுத்து கதிர்களைப் பார்த்தபடியே சொன்னார்:

“செத்த நேரம்தான் கண்ணு சொருகுச்சு. டீசல் வண்டின்னா உறுமிக்கினே இருக்கும், ஆள முழிக்க வெக்கும். இதுல சத்தமே இல்ல, குஞ்சு. தாலாட்டற மாதிரி போவுது.”

“உள்ள ஆளுங்க இருந்தாங்களா?”

“இல்ல. காலியாதான் வந்தேன்.”

“காலியாவா? நீ ஆளு இல்லியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டன்னா...”

“கரும்பு லாரியில இருந்தப்பவும் இதத்தான் சொன்ன.” அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைத்திருந்தாள். “எனக்கு சண்டை போட தெம்பு இல்ல மாமா. பெருசு வேணும்னா பெருசே போடு. ஆனா ராத்திரி சவாரிக்குப் போறப்ப இந்தக் கதிர சட்டைப் பையில வச்சிக்கினு போ. எங்கயாவது வண்டியிலேர்ந்து உன் பொணத்த எடுக்கறவங்க கேட்டா, இது பொண்டாட்டிக்கு முன்னயே தெரியும்னு அந்தக் கதிரு சொல்லட்டும்.”

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. பச்சமுத்து அந்தக் கதிர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பதர் மணி உதிர்ந்தது. பிறகு எழுந்து, மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தார்.

“கண்ணாயிரம், இந்தச் சின்னதுக்கு எர்த் குழி எங்க தோண்டணும்?”

அவர் தோண்டினார். அவள் மண்ணை அள்ளிப் போட்டாள். கண்ணாயிரம் குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஒரே குழியில் இருவரும் சேர்ந்து வேலை செய்தது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மீதி வேலை முடிந்து, சின்னப் பெட்டி சுவரில் ஏறிய அன்று கரியாலூர் சவாரி முடிந்து அவர் வெளிச்சம் இருக்கும்போதே வந்தார். ஒயரை மாட்டினார். பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கியது. கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், கதவோரமாகவே நின்றார்.

“இந்நேரத்துக்கு வூட்ல இன்னா பண்ணுவாங்க, குஞ்சு?”

“சாப்டுட்டுப் படுப்பாங்க.”

சாப்பிட்டார். படுத்தார். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் முடியும் முன்பே இவர் குறட்டை எழும்பியது. அப்போது போன் அடித்தது. அரங்கநாதன். குஞ்சம்மாள் எடுத்து, வாசலுக்கு வந்து பேசினாள்.

“வண்டி சார்ஜுல இருக்குதுங்க.”

“எப்போ ரொம்பும்? அவசரமா ஒரு ஏர்போர்ட் சவாரிம்மா.”

“விடியக்காலம்தாங்க.”

“இன்னாம்மா, அவ்ளோ நேரமா?”

“சின்னதுங்க. மெதுவாதான் ஏறும்.”

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பூப்போட்ட உறை அவர் கன்னத்தின் கீழ் கசங்கிக் கிடந்தது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.