நாலைந்து கிலோ தாராளம்

மலையைச் சுற்றிக் காட்டும் குட்டி விமானத்தில் ஏறுகிறவர்களை எடை போடுவதுதான் அவர் வேலை. யாராவது கூச்சப்பட்டு நின்றால் நாலைந்து கிலோவைக் குறைத்து எழுதிவிடுவார். அப்படியொரு தாராள மனசு. ஆனால் பயந்தாங்கொள்ளி, ஒருநாளும் ஏறியதில்லை. விமானி விடாமல் நச்சரித்ததால், ஓய்வு பெறும் நாளில் மட்டும் ஏறச் சம்மதித்தார்.

விமானம் ஓடத் தொடங்கியதும்தான், பழக்கதோஷத்தில் இன்றும் குறைத்தே எழுதியது உறைத்தது.

"தம்பி, நிறுத்துப்பா! எல்லாருக்கும் குறைச்சு எழுதிட்டேன்!"

"அது தெரியும்ணே, தினமும் நானே கூட்டிக்குவேன்," என்ற விமானியின் முகம் சட்டென்று வெளிறியது. "இன்னிக்கு நீங்களும் ஏறுறீங்களே, சரியாத்தான் எழுதியிருப்பீங்கன்னு அப்படியே விட்டுட்டேன்!"

அதற்குள் சக்கரங்கள் தரையை விட்டிருந்தன.