அல்சாஸில் ஒரு வெளிவீதி

ரைன் பாலத்தில் கார் ஏறியதும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று. யாரும் கேட்கப்போவதில்லை, பிரான்ஸ் வந்துவிட்டதைச் சொல்ல ஒரு நீலப் பலகை மட்டும்தான். ஜெர்மனிக்கு அகதியாக வந்த புதிதில் பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருந்தவனுக்கு இது இன்னும் பழகவில்லை.

"ஒருத்தரும் மறிக்கமாட்டினம் அப்பா, ரோட்டைப் பாருங்கோ" என்றாள் மகள் ஆரணி.

அவள் ஸ்டுட்கார்ட்டில் கலை வரலாறு படிக்கிறாள். அதிலும் தொள்ளாயிரம் வருடப் பழைய ரோமனெஸ்க் தேவாலயங்கள்: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சின்ன யன்னல். நான் அவளை டொக்டராக்கக் கனவு கண்டவன். யாராவது விசாரித்தால், "யூனியில படிக்கிறா" என்று கதையை மாற்றிவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அன்று போனது அல்சாஸ் கிராமமொன்றின் பழைய மடாலயத்துக்கு. அங்கேயுள்ள ஒரு தூணைப் பார்க்காமல் அவளால் ஆய்வேட்டை முடிக்க ஏலாது. அதைக் கொடுக்க இன்னும் இரண்டே கிழமை, பதினாலு நாள். போனால் கதவில் பூட்டு. திருத்த வேலையாம், சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு அனுமதி இல்லையாம். திறப்புக்கொத்து வைத்திருந்த பெண்மணி பிரெஞ்சில் சொல்லிக் கையை விரித்தார். ஆரணியின் முகம் சுருங்கிப்போனது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. சும்மா நிற்கவும் ஏலாது. ஊரில் கோயில் நடை சாத்தியிருந்தால் வெளிவீதியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வருவோம். அந்தப் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வலம்வரத் தொடங்கினேன். பின்சுவரில், கூரைக்குக் கீழே கல் முகங்கள். ஒன்று நாக்கை நீட்டுகிறது, ஒன்று தன் தாடியைத் தானே இழுக்கிறது. இவர்களுக்கும் கண்ணூறு, திருஷ்டிப் பயமோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். மூன்றாம் சுற்றில் அந்தப் பெண்மணி என் சப்பாத்துகளுடன் வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஆரணியிடம் கடுமையாக ஏதோ கேட்டார்.

பதினான்கு வயதில், வகுப்புத் தோழிகள் கண்டுவிடுவார்கள் என்று கோயில் வாசலில் காரைவிட்டு இறங்காதவள் அவள். இப்போது நிதானமாகப் பதில் சொன்னாள். பெண்மணி என் காலுறைகளைப் பார்த்தார், திறப்பை எடுத்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"உள்ளதைத்தான். அப்பா கும்பிடுறார் எண்டு. கும்பிட வாற ஆக்களுக்குத் திறப்பினமாம்."

உள்ளே அவளுடைய தூண். உச்சியின் மூலையில் ஒரே தலைக்கு இரண்டு உடம்புள்ள மிருகம். "எந்தப் பக்கம் நிண்டு பார்த்தாலும் முழு மிருகமாத்தான் தெரியும், அப்பா" என்றாள். யார் செதுக்கினது, என்ன கல், ஏன் அப்படி என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் படம் எடுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அவளுடைய படிப்பைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்விகள் அவை.

வாசலில் வருகைப் புத்தகம். ஆரணி பெயரெழுதி, ஊர் ஸ்டுட்கார்ட் என்று போட்டாள். அதன் கீழே நான் என் பிறந்த ஊரைச் சாவகச்சேரி என்று தமிழில் எழுதினேன். பக்கத்தில் ஒரு வரி: "இந்தத் தூணைப் பற்றி என் மகள் எழுதுகிறாள்."

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டு போனாள். "என் ம... க... ள்" என்று வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.