ஒரு முறம் தவுட்டுக்கு வாங்கின பொண்ணு

எனக்குப் பேச வராதுன்னு எவ்வளவோ சொன்னேன். ஜெபமாலை முடிஞ்ச கையோட இப்படி நடுவுல உக்கார வெச்சிட்டீங்க. ஆண்டவர் என் ஜெபத்தக் கேட்டாருன்னு சாட்சி சொல்லத்தான் வந்தேன். ஆனா எந்த ஜெபத்தக் கேட்டாருன்னு எனக்கே இன்னும் வெளங்கல. அதையும் சேத்தே சொல்லிடறேன்.

எனக்குக் கரிக்கலாம்பாக்கம். எங்க வூட்டுக்காரர் சவரிமுத்து, பிரெஞ்சுக்காரங்க பட்டாளத்துல சிப்பாய் வேலைக்குக் கடல் தாண்டி சைகோன் போனவர். எனக்குப் பொறந்த ரெண்டும் பால் மறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க. அவர் கப்பல் ஏறி அஞ்சு வருஷம் ஆகியும் திரும்பல. சனிக்கெழம தவறாம வில்லியனூர் மாதா கோவிலுக்கு நடந்தே போவேன். "தாயே, அவர வூடு கொண்டாந்து சேத்துடு." அது ஒண்ணுதான் கேட்டேன்.

ஜெர்மன் சண்டை வந்து கப்பல் நின்னுபோறதுக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசு காலம். அவரோட வேலை பாத்த பாகூர்க்காரர் ஒருத்தர் வாசல்ல வந்து நின்னார். ஒரு கையில தகரப் பொட்டி. இன்னொரு கையில நாலு வயசுப் பொண்ணு. சின்னக் கண்ணு, சப்பை மூக்கு.

"அண்ணி, அண்ணன் காய்ச்சல்ல தவறிட்டார். இது அவர் கொழந்த, பேரு லூசி. அந்த ஊர்க்காரி, இதோட தாயும் போயிட்டா. உங்ககிட்ட சேக்கச் சொல்லித்தான் கண்ண மூடினார்."

அழுதேன். செத்தவருக்காக அழுதேனா, என்ன ஏமாத்தினவர நெனச்சு அழுதேனா, தெரியல. அந்தப் பொண்ணு பொட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தது. சோறு வெச்சா தொடாது. நானும் சாப்புடுன்னு சொல்லல. தட்ட நகத்தி வெச்சிட்டுத் திரும்பிக்குவேன். அக்கம்பக்கத்துல வேடிக்க பாக்க வந்தாங்க. மானம் போவுதேன்னு எனக்கு ஒரே ஆத்திரம்.

சனிக்கெழம கோவிலுக்குப் போயி மாதாகிட்ட சண்டை போட்டேன். "நான் இன்னா கேட்டேன், நீ இன்னா குடுத்திருக்க? எனக்கு இது வேணாம். நீயே எடுத்துக்கோ."

திங்கக்கெழம அதுக்குக் காய்ச்சல். ஒடம்பு அனலாக் கொதிக்குது. மூணாம் நாள் வைத்தியர் கைய விரிச்சிட்டார். அஞ்சு வருஷமா கேட்டது நடக்கல. கோவத்துல கேட்டது ரெண்டே நாள்ல நடக்குது. அப்ப இது என் ஜெபத்துக்குக் கெடச்ச பதிலா? இப்படியும் கேப்பாரா ஆண்டவர்?

பக்கத்து வூட்டு அஞ்சலை இந்துக்காரி. அவதான் சொன்னா: "அக்கா, பொழைக்காதுன்னு தோணுற கொழந்தய எங்கள்ல இன்னொருத்திகிட்ட குடுத்துட்டு, தவுடு குடுத்துத் திருப்பி வாங்குவோம். அப்புறம் சாவு அண்டாதும்பாங்க. ஆனா இதுக்குப் பெத்தவ இல்லியே. யாரு குடுப்பா, யாரு திருப்பி வாங்குவா?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான்தான் ஏற்கெனவே குடுத்துட்டேனே.

ஒரு முறம் தவுட்ட மூட்ட கட்டித் தலையில வெச்சேன். பொண்ண இடுப்புல தூக்கிக்கிட்டேன். வில்லியனூர் வரைக்கும் வெய்யில்ல நடந்தேன். வழியெல்லாம் அது என் முந்தானையப் புடிச்ச புடி விடல. பீடத்துக்கு முன்னால தவுட்டக் கொட்டினேன். கோவிலப் பாத்துக்கற உபதேசியார் ஓடியாந்தார்.

"இன்னாம்மா இது, கோவிலுக்குள்ள தவுடு? நம்ம வேதத்துல இது உண்டா?"

"தெரியல ஐயா. நான்தான் இவள மாதாகிட்ட குடுத்தேன். திருப்பி வாங்க வந்திருக்கேன்."

அவர் தவுட்டக் கூட்டி அள்ளி மாட்டுக்குக் கொண்டுபோனார். நான் முழங்கால்ல நின்னேன். "தாயே, இவ என்ன அம்மான்னு கூப்புட வேணாம். என்னக் கடைசியில காப்பாத்த வேணாம். நாளைக்கு இவ சொந்தம் வந்து கேட்டா குடுத்துடறேன். பொழச்சா போதும்." பாசத்துல கேட்டேனா, பயத்துல கேட்டேனான்னு கேட்டீங்கன்னா, சத்தியமா எனக்குத் தெரியாது.

ரெண்டு நாள் கழிச்சு வேர்த்துக் காய்ச்சல் எறங்கிச்சு. கஞ்சி கேட்டுக் கைய நீட்டுச்சு. அன்னிக்கு நானே ஊட்டினேன். அன்பு வந்தபெறகு ஊட்டல. ஊட்ட ஊட்டத்தான் வந்துச்சு. அதுவும் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளும் தல வாரிப் பின்னி விட்டேன்.

லூசிக்கு இப்ப பத்து வயசு. போன வாரம் வரப்பு மேல முன்னால நடந்து போறா. பின்னாலேர்ந்து பாத்தேன். ஒரு தோள எறக்கி நடக்கற அந்த நடை, அப்படியே எங்க வூட்டுக்காரர் நடை. அவர வூடு கொண்டாந்து சேத்துடுன்னு கேட்டேனே. கேட்டத மாதா அன்னிக்கே குடுத்துட்டாளா? அதத்தான் நான் வேணாம்னேனா? வரப்புலயே உக்காந்து அழுதேன். அவ திரும்பி வந்து, "இன்னாம்மா?"ன்னு கேட்டா.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வெளங்காததையும் செஞ்சார். அக்கா தங்கச்சிங்களே, நம்பிக் கேளுங்க. நீங்க கேக்காத ஒண்ணு வாசல்ல வந்து நின்னா, ஏன் எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். மொதல்ல உள்ள கூப்புட்டுச் சோறு போடுங்க.