பேனையைப் பிடித்த கை

முதற்பல் முளைத்த சடங்கில் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டும்போது வீடே அந்தப் பல்லைப் பார்க்கும். மீனலோசனி மட்டும் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரம்பொன் பகுதிக்கு மிட்வைப் அவர். பதினாறு வருடமாக ஊர்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்தி எடுத்தவரைப் பல்லுக்கொழுக்கட்டைக்கு அழைக்காமல் விட முடியாது. அழைத்தாலும் ஆபத்துத்தான். "வடிவான பிள்ளை" என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. நாவூறு பட்டுவிடும் என்று பயப்படுகிறாராம். உண்மையில் அவருக்கு வடிவு பார்க்க நேரமில்லை.

மல்லாக்கக் கிடத்தினால் இரண்டு காலும் ஒரேமாதிரி உதைக்கின்றனவா? தூக்கினால் உடம்பு விறைக்கிறதா? பொத்திய கை விரிகிறதா? இவற்றையெல்லாம் தின்றுகொண்டேதான் பார்ப்பார். "வாய் சும்மா இருந்தால் எனக்குக் கண் வேலை செய்யாது" என்பார். மூன்று கொழுக்கட்டைக்கு முன் எந்த முடிவுக்கும் வந்ததில்லை.

மாத் தட்டுப்பாட்டில் ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருடத்திலும் ஆழ்வாப்பிள்ளையர் வீட்டுக் கொழுக்கட்டைக்கு மா எங்கிருந்தோ வந்திருந்தது. எட்டு மாதப் பேரனின் முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் பரப்பினார்கள். எதைத் தொடுகிறானோ அதுதான் அவன் எதிர்காலம். வலப்பக்கம் கிடந்த பேனையை அவன் இடக்கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்தான்.

"டொக்குத்தர்!" என்று துள்ளினார் ஆழ்வாப்பிள்ளையர்.

"இடக்கையாலயோ மருந்து எழுதப்போறார்?" என்று அவருடைய தங்கை யோகம்மா பேனையைப் பிடுங்கித் திரும்ப வைத்தார். மறுபடியும் இடக்கை. யோகம்மா துவாயால் அந்தக் கையைக் கட்டிவிட்டார். பிள்ளை பேனையைப் பார்த்து வீரிட்டழுதானே தவிர, வலக்கை எழவில்லை. பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்தியபடி மடியிலேயே கிடந்தது.

மீனலோசனி நாலாவது கொழுக்கட்டையைக் கீழே வைத்தார்.

"அவிழ்த்துவிடுங்கோ அக்கா. இந்த வயசில பிள்ளையளுக்கு ரெண்டு கையும் ஒண்டுதான். ஒரு கையை மட்டும் பாவிக்குதெண்டால், மற்றதுக்கு ஏலாமல் இருக்கு."

ஆழ்வாப்பிள்ளையர் சீறினார். "நீர் கொழுக்கட்டை தின்ன வந்தனீரோ, குறை பிடிக்க வந்தனீரோ?"

"ரெண்டுக்குந்தான் வந்தனான் ஐயா."

"இவன்ர தேப்பனும் ரெண்டு வயசிலதான் நடந்தவன். எல்லாம் தன்பாட்டில சரிவரும்."

மீனலோசனி பிள்ளையைத் தூக்கிக் கிழவரின் மடியில் கிடத்தினார். "ரெண்டு காலையும் மெல்ல மடிச்சுப் பாருங்கோ."

இடக்கால் மடிந்தது. வலக்கால் துடுப்புப்போல் விறைத்து நின்றது. கிழவர் இன்னொருமுறை மடித்துப் பார்த்தார். பிறகும் ஒருமுறை.

"நான் வயித்தில வைச்சிருக்கேக்க ஏதும் பிழை விட்டனானோ?" என்றாள் தாய் மனோகரி.

"ஒரு பிழையும் விடேல்லை. மூளையில எங்கையோ ஒரு சின்னப் பாதிப்பு எண்டு நினைக்கிறன். பெரியாஸ்பத்திரியில பாத்துச் சொல்லட்டும். முழுக்க மாறுமெண்டு நான் சொல்லமாட்டன். இப்பவே பழக்கினால் நடப்பான், கையும் உதவும்."

"முதல் பஸ் எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்றார் கிழவர்.

யாழ்ப்பாணத்து டொக்டரும் அதையேதான் சொன்னார், நீட்டி முழக்கி. இப்போது பேரனுக்கு மூன்று வயது. வலக்காலை இழுத்து இழுத்து ஓடுகிறான். வாய்க்காட்டலில் பாட்டனை எப்போதோ வென்றுவிட்டான். வலக்கையால் வாங்கட்டும் என்று சோற்றுருண்டையை வலப்பக்கமாகவே நீட்டும் யோகம்மா, அது தன்னுடைய யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார். மீனலோசனி மறுப்பதில்லை.

போன கிழமை வாசல் படலையில் அவருடைய சைக்கிளைக் கண்டதும் பேரன் மணியடிக்க இடக்கையோடு பாய்ந்தான். மீனலோசனி மணியைப் பொத்திக்கொண்டார்.

"மற்றக் கை, ராசா."

"ஏலாது!"

"ஏலாட்டிப் பாப்பம். எனக்கு அவசரமில்லை."

அன்று அவருக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. சைக்கிளை மறுபக்கம் திருப்பி, மணி அவனுடைய வலக்கைக்குப் பக்கத்தில் வரும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் நின்றார்.