கை எட்டாத சதுரம்

உலகத்தில் கண்ணாடி பார்க்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் மாடி வீட்டுக்காரியின் முதுகுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாதி என்பது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தெருக் குளியலறை அலமாரிகளில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. ஆனால் க்ரீம் டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்குமே, ‘தோல் மருத்துவர் மேற்பார்வையில் பரிசோதிக்கப்பட்டது’ என்று? அந்த வரிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய முதுகு இருக்கிறது. நிறைய டப்பாக்களுக்கு அது இவளுடைய முதுகு.

மாடிக்குத் தனியாகத்தான் குடிவந்தாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். எப்போதாவது வீடியோவில் வருவான். போனை எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டு அவன் வேலையைப் பார்ப்பான். இவள் அவன் வீட்டுக் கூரை விளக்கோடு பேசிக்கொண்டிருப்பாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள், கண் மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அவளுக்கும் மாடிப்படியில் “சாப்டாச்சா?”, “ஆச்சுக்கா” என்கிற அளவுக்குத்தான் பழக்கம். என் வீட்டில் எந்நேரமும் நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள்: ‘ஆரோக்கியமான தோல் உள்ளவர்கள் தேவை.’ தன்னிடம் இருக்கிற ஏதோ ஒன்று யாருக்கோ தேவைப்படுகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். போய்விட்டாள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்து வேலை விசித்திரமானது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. பின்பக்கம் திறந்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் குனிந்து உட்கார வேண்டும். முதுகில் பேனாவால் கட்டம் போடுவார்கள். கட்டத்துக்கு ஒரு க்ரீமாகத் தடவி, மேலே பட்டை ஒட்டி அனுப்புவார்கள். அதன் பிறகு முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க விடக் கூடாது, சொறியக் கூடாது. இவள் குப்புறப் படுத்தே பழகினாள். பட்டையை உரித்ததும் விளக்கடியில் உட்காரவைத்து நர்ஸ் பார்ப்பாள். சும்மா பார்த்தால் போதாது. எங்கேயாவது தடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை என்றால் “பூஜ்யம்” என்பாள். பூஜ்யம் வாங்கிவிட்டுத் தலைநிமிர்ந்து வீட்டுக்கு வந்தவள் இந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான். அங்கே அவளுக்குக் ‘கல்முதுகு’ என்று பெயர். எதைத் தடவினாலும் அசையாதாம்.

அதற்குக் கொஞ்சம் காசும் உண்டு. காசு வராவிட்டாலும் அவள் போயிருப்பாள் என்பது என் கணிப்பு. அந்த விரலுக்காக. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும், பஸ்ஸில் இடிக்கிறவர்களைத் தவிர, அவளைத் தொட ஒரு மனிதர் கிடையாது.

பெருமை தாங்காமல் ஒருமுறை கடையில் ஒரு டப்பாவைத் திருப்பி, விற்பனைப் பெண்ணிடம் அந்த எறும்பு வரியைக் காட்டியிருக்கிறாள்.

“இதுல இருக்கிறது நான்தாம்மா.”

அந்தப் பெண் டப்பாவை முன்பக்கம் திருப்பினாள். அங்கே பளபளவென்று ஒரு இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோவா ஆண்ட்டி?” என்று மரியாதையாகக் கேட்டாளாம். அதற்கப்புறம் இவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் என் கதவைத் தட்டினாள். முதல் தடவை.

“அக்கா, என் முதுகைக் கொஞ்சம் பாக்கணும். ஒரு இடம் அரிக்குது.”

“பாத்து?”

“என்ன தெரியுதுன்னு சொல்லணும்.”

பார்த்தேன். தாயம் ஆடலாம், அத்தனை கட்டம். “எல்லாம் சமர்த்தா இருக்கு. நட்டநடுவுல ஒண்ணு மட்டும் கோவிச்சுக்கிட்டுச் சிவந்திருக்கு. லேசா உப்பியும் இருக்கு” என்றேன்.

அவள் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ஒரே க்ரீமைப் பல வாரம் திரும்பத் திரும்பத் தடவுவார்களாம். கொஞ்ச நாள் விட்டுவிட்டு, கடைசியாக ஒருமுறை புது இடத்தில் தடவுவார்களாம். க்ரீமில் இருக்கும் வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தோ பிடிக்காவிட்டால், தோல் அதை ஞாபகம் வைத்திருந்து அப்போதுதான் காட்டிக்கொடுக்குமாம். பட்டையை உரித்த அன்றைக்குப் பூஜ்யம்தான். மறுநாள் கடைசிப் பார்வை. அதில் சிவப்பு தெரிந்தால் அந்த முதுகு அவர்களுக்கு இனி உதவாது. ஒருமுறை பகைத்த தோல் மறக்காது. பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

“ஐஸ் வெச்சா கொஞ்ச நேரத்துக்குச் சிவப்பு அடங்கிடும்னு அங்க பழைய ஆளுங்க பேசிப்பாங்க. எனக்கு அந்த இடத்துக்குக் கை எட்டல.”

மேலே கையை வளைத்துக் காட்டினாள், கீழே வளைத்துக் காட்டினாள். ஐஸைத் துண்டில் முடிந்து முதுகுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தாளாம். முடிச்சு அவிழ்ந்து, ஐஸ் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டதாம். சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, இது ஏமாத்து வேலை இல்லையா?”

“ஏமாத்துதான்கா. நாளைக்கு அவங்க பாத்துட்டா அதோட சரி. அப்புறம் என்னை யாரு தொடுவா?”

ஃபிளாஸ்க்கை எடுத்துக் கழுவினேன்.

மறுநாள் ஃபிளாஸ்க் நிறைய ஐஸோடு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கூடத்தின் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவள் சுவரைப் பார்த்து நின்றாள். நான் கைக்குட்டையில் ஐஸை மடித்து அந்தக் கட்டத்தில் அழுத்திப் பிடித்தேன். தரை துடைக்கிற பெண் வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

“உள்ள ரெண்டு பேரா? என்ன பண்றீங்க?”

“முதுகு தேய்ச்சு விடறேன்!” என்று அதட்டினேன். என் வாழ்க்கையில் நான் அவசரத்துக்குச் சொன்ன ஒரே உண்மை.

அவள் சிரிக்கவில்லை. ஐஸ் தண்ணீர் இடுப்பு வரை வழிந்தது. “உங்க இன்னொரு கை சூடா இருக்குக்கா” என்றாள். தோளைப் பிடித்திருந்த கையைச் சொன்னாள். சிவப்பு மெல்ல வெளுத்து அடங்கியது.

நர்ஸ் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பூஜ்யம்... பூஜ்யம்... ஏம்மா, இங்க மட்டும் ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?”

“வெளிய நல்ல காத்து.”

வெளியே ஒரு இலை அசையவில்லை. தார் உருகுகிற வெயில். நர்ஸ் சிரித்துவிட்டு அதற்கும் பூஜ்யம் சொன்னாள். “முடிஞ்சுது. உங்க முதுகு சரின்னு சொன்னா எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்மா. என் பொண்ணுக்கு எதை வாங்கினாலும், இது கல்முதுகுகிட்ட தப்பிச்சு வந்ததான்னு கேட்டுட்டுத்தான் வாங்கறேன்.”

ஜெயித்துவிட்டோம் என்று நான் ஃபிளாஸ்க்கைக் கையில் மாட்டிக்கொண்டேன். அங்கியைக் கழற்றுகிற சத்தத்தைக் காணோம்.

“அந்த நடுக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் பாக்கறீங்களா?”

“ஏம்மா?”

“ஐஸ் வெச்சுட்டு வந்திருக்கேன்.”

நர்ஸ் திட்டுவாள் என்று எழுந்து நின்றுவிட்டேன். அவள் திட்டவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். திரை இடுக்கில் எனக்குத் தெரிந்தது. விளக்கடியில் குனிந்த முதுகு. அதையே பார்த்தபடி நர்ஸ். தன்னை வெளியே அனுப்பப் போகிற சிவப்பு மேலே வரட்டும் என்று ஒருத்தி குனிந்து உட்கார்ந்து காத்திருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. துணியில் ஈரம் ஊறுகிற மாதிரி அது வந்தது. நர்ஸ் விரலை அதன் மேல் வைத்தாள். உடனே எடுக்கவில்லை.

“தெரியுதா?”

“தெரியுதும்மா. நல்லாவே தெரியுது.”

“அப்ப எழுதிக்கோங்க.”

நர்ஸ் எழுதினாள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் சிலருக்கும் அதே கட்டம் சிவந்திருந்ததாம். காரணம், கெடாமல் இருக்கச் சேர்த்த ஒரு மருந்து. அதன் பெயரை எழுதினால் இந்தப் பக்கம் முழுக்கப் போய்விடும். அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டு, அந்தக் க்ரீம் தாமதமாகக் கடைக்கு வந்தது. பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு அதன் விளம்பரம், ‘பூவை விட மென்மையானவர்களுக்கு’ என்று. பூவைத் தடவிப் பார்த்தார்களா என்று தெரியாது. இவளை இனிமேல் கூப்பிட முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு ஷாம்பு வாங்குவதற்குக்கூடக் கடையில் பூதக்கண்ணாடியோடு நின்று, அந்த நீளப் பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடுகிறாள். வேண்டாத பழக்கம், இன்னும் குப்புறத்தான் படுக்கிறாள்.

ஆனால் அந்த நர்ஸ் அவளை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடை நிறையப் பழத்தோடு மாடியேறி வந்துவிடுகிறாள். வந்ததும் முதல் வேலையாக, “எங்க, திரும்புங்க” என்று முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிப்பாள்.

இதை எழுதி, இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது, எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாடி வீட்டுக்காரி கையை நிறுத்தினாள்.

“நர்ஸ் எங்க வராங்கக்கா? ஒரே ஒரு தடவ போன் பண்ணாங்க. அரிப்பு போயிடுச்சான்னு கேட்டாங்க. போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். இன்னும் இருக்குன்னு சொல்லியிருந்தா, இன்னொரு தடவ பண்ணியிருப்பாங்க.”